பழுப்பு மருந்துக்கு ஒரு பேர்

நான் செத்துப்போன சேதி எனக்கு எங்க ஊரு நியெண்டோ சந்தையில வச்சுத்தான் தெரிஞ்சுது.

தக்காளிக் கடையில குனிஞ்சு நல்லதாப் பார்த்துப் பொறுக்கிட்டிருந்தேன். கடைக்காரி மடியில ரேடியோ. மதியச் செய்தி முடிஞ்சு அறிவிப்பு நேரம். அந்த நேரத்துல எங்க ஊர்ல யாரும் சத்தமாப் பேச மாட்டோம். யாரு செத்தாங்க, எந்த ஊர்ல, எப்ப அடக்கம்னு ஒவ்வொண்ணா வாசிப்பாங்க. நடுவுல காணாமப் போன மாடு, தொலைஞ்ச சாவின்னு ஒண்ணு ரெண்டு வரும். ஆனா முக்காவாசி சாவுதான். அந்தச் சோக மேளம் கேட்டாலே கையில இருக்கிறதைக் கீழ வச்சிருவோம்.

அன்னைக்கு மேளம் ஓய்ஞ்ச உடனே ரேடியோக்காரன் வாசிச்சான்: "நியெண்டோவைச் சேர்ந்த லுத்தாயா அவர்களின் மனைவி பெர்பெத்துவா நலுக்வா..."

கடைக்காரி என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான் பாருங்க, மீதி ஒரு வார்த்தை காதுல விழல.

"அடியே நலுக்வா, நீ இங்க நிக்கிறே!"

"நிக்கிறேன்தான். உனக்குக் கண்ணு தெரியலையா?"

"ரேடியோவுல பொய் சொல்ல மாட்டாங்களேடி."

"அப்ப நான்தான் பொய்யா?"

தக்காளியை அவ கூடையிலயே கொட்டிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில ரெண்டு பொம்பளைங்க என்னைப் பார்த்து சிலுவை போட்டாங்க. ஒருத்தி ஓடியே போயிட்டா. எனக்குக் கோவம் வந்துச்சு, நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டுத் திருப்பத்துலயே ஒப்பாரி கேட்டுச்சு. எங்க வழக்கம் அப்படி. சாவுன்னு காதுல விழுந்தா, எப்படி, ஏன்னு கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம். கையில கிடைச்சதைத் தூக்கிட்டு ஓடணும். முத ஆளாப் போறவனுக்குத்தான் மரியாதை. அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு அக்கம்பக்கத்து ஆம்பளைங்க விறகோட வந்து, முத்தத்துல தீ மூட்டிட்டாங்க. பச்சை விறகு. புகை வீட்டைச் சுத்தி மூடிக்கிச்சு. பொம்பளைங்க இடுப்புல துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு மத்தோக்கே வாழைக்காயைச் சீவ உட்கார்ந்துட்டாங்க. நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாக் கத்தியும் நின்னுச்சு.

"என்னடி பார்க்கிறீங்க? என் அடக்கத்துக்கு நானே வரக் கூடாதா?"

ஒருத்தி மயங்கி விழுந்தா. மத்தவங்க என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அப்பத்தான் எதிர்வீட்டுக்காரர் மெதுவா வாயத் திறந்தாரு. அவரு மட்டும்தான் அறிவிப்பை முழுசாக் கேட்டவரு.

"செத்ததாச் சொல்லலம்மா. உங்களுக்கு மூச்சு வியாதி முத்திப்போச்சு, பழுப்பு இன்ஹேலர் எங்கயும் கிடைக்கல, யாராவது வச்சிருந்தா உடனே குடுத்து உதவணும், சுகாதார நிலையத்து டாக்டரம்மா நஸ்ஸங்கா கேட்டுக்கிறாங்கன்னு சொன்னாங்க. நானும் சொல்லிப் பார்த்தேன், அழுகைச் சத்தத்துல எவன் கேக்கிறான்."

செத்துப்போனவளாவே இருந்திருக்கலாம். அந்த வார்த்தை கேட்டதும் என்னைத் தொட்டுக்கிட்டிருந்த கையெல்லாம் ஒவ்வொண்ணா விலகிச்சு. ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. எங்க ஊர்ல இன்ஹேலரை வாயில வைக்கிறவங்க கதை முடிஞ்சுதுன்னு ஒரு எண்ணம். பழகினா விடாது, பரம்பரையில இருந்து வர்றது, கடைசிக் கட்டத்துலதான் குடுப்பாங்க, இப்படி ஆயிரம் பேச்சு. எனக்கு முகம் எரிஞ்சுது.

ஏன்னா எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. மலை மாதிரி நெஞ்சு எனக்கு. வியாதி என்னைக் கட்டின அந்த ஆளுக்கு.

எங்க வீட்டுக்காரரு லுத்தாயாவைத் தெரியாதவங்க மசாக்கா பக்கம் கிடையாது. பெண் கேக்கிற சடங்குல பையன் வீட்டுக்காகப் பேசுறவரு. எங்க வழக்கத்துல கட்டிக்கப்போற பையன் வாயத் திறக்கக் கூடாது. அவனைப் பெத்தவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. எல்லாத்தையும் பேச்சாளிதான் கேட்டு வாங்கணும். பெண் வீட்டுப் பேச்சாளி எழுந்து, "யாருங்க நீங்க? வழி தவறி வந்துட்டீங்களா? இந்த வீட்டுல பொண்ணே பிறக்கலையே"ன்னு மட்டம் தட்டுவான். எங்க ஆளு வெள்ளை அங்கியை இழுத்து விட்டுக்கிட்டு எழுந்து ஒரு பதில் சொன்னாருன்னா பந்தலே குலுங்கும். மைக்கு வேண்டாம். கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினா, அதே நெஞ்சு எண்ணெய் போடாத கதவு மாதிரி கிரீச்சிடும். அது எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பேச்சாளிக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா எவன் பேசக் கூப்பிடுவான்?

டாக்டரம்மா முழு டாக்டர் இல்ல, ஒரு படி கீழதான். ஆனா எங்களுக்கு அவங்கதான் எல்லாம். ரெண்டு மாசமா பழுப்பு இன்ஹேலர் ஊர்ல கிடைக்கல. நீல இன்ஹேலரை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு. "நீலம் புகையை விரட்டும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற தீயை அணைக்கிறது பழுப்புதான். ஒருநாள் அந்த நீலமும் கேக்காமப் போயிரும், அப்ப என்கிட்ட வந்து நின்னு பிரயோஜனம் இல்ல"ன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. சும்மா சொல்லிட்டு விடல. மசாக்காவுல இருக்கிற மருந்துக் கடைக்கெல்லாம் தன் காசுல போன் போட்டாங்க. அதே மருந்து வேற பேர்ல இருந்தாலும் குடுக்கலாம்னு சீட்டுல எழுதினாங்க. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டாங்க, எல்லையில வேலை பார்க்கிற சிநேகிதியைக் கேட்டாங்க. இருக்கிற மருந்து வீணாகாம உள்ள போகணும்னு பிளாஸ்டிக் தண்ணி பாட்டில்ல ஓட்டை போட்டு, அது வழியா இழுக்கப் பழக்கினாங்க.

ஒரு தடவை மனசு விட்டுப் போய் எங்கிட்ட சொன்னாங்க: "இந்த ஊர்ல அந்த மருந்து வேணுங்கிறவங்க நெறையப் பேரும்மா. எல்லாரும் எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு, வெளிய சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிறாங்க. கடைக்குப் போய் ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்கிறதில்ல. கேக்கிறவங்க இல்லைன்னு கடைக்காரர் வரவழைக்கிறதில்ல. நான் என்னதான் பண்றது?"

அந்தம்மா பொய் சொல்றவங்க இல்ல. அப்புறம் எப்படி என் பேரு ரேடியோவுல வந்துச்சு? ஆளைத் தேடிக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போனேன்.

வாழை மரத்துக்கு நடுவுல குத்த வச்சு உட்கார்ந்திருந்தாரு. முத்தத்துப் புகை அங்க வரைக்கும் வந்துச்சு. மூச்சு இழுத்து இழுத்து வாங்கினாரு.

"என்னங்க, நான் எப்பங்க செத்தேன்?"

"கத்தாதே... கேக்கும்..."

"செத்தவ கத்தக் கூடாதா?"

அப்புறம் விட்டு விட்டுச் சொன்னாரு. போன தடவை பேரு இல்லாம அறிவிப்புக் குடுத்ததுக்கு ஒரு ஈ காக்கா வரலையாம். பேரு இருந்தாத்தான் சனங்களுக்கு மனசு இளகும், யாரு என்ன ஊருன்னு தெரியணும்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். இவரு, என் பொண்டாட்டி பேரைப் போடுங்க, அவ சரின்னுட்டான்னு சொல்லிட்டாராம்.

"சட்டுன்னு... உன் பேருதான் வாயில வந்துச்சு."

"வாயில என் பேரு வந்துச்சா? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து பேரு சொல்லி ஒருநாள் கூப்பிட்டிருப்பீங்களா? 'இவளே', 'எங்க போய்த் தொலைஞ்சே', இதுதானே என் பேரு! இப்ப மட்டும் அப்பன் வீட்டுப் பேரு, கோயில் பேரு எல்லாம் வரிசையா வந்துச்சாக்கும்!"

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. கயோண்டோ வீட்டுச் சடங்கு முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடறேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

கயோண்டோ காப்பி ஆலை வச்சிருக்கிற பெரிய மனுசன். அவரு பையனுக்குப் பெண் கேக்கிற சடங்குதான் சனிக்கிழமை. அதுல பேசினா அடுத்த வருஷம் வரைக்கும் வேலைக்குக் குறைவில்ல. அந்த ஆளு முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்துச்சு. என்ன செய்யறது? பொறுத்துக்கிட்டேன். அந்த நிமிஷமே முன்பக்கம் ஒரு வண்டி வந்து நிக்கிற சத்தம்.

எங்க அண்ணன் செம்வாங்கா. நான் பொறந்த ஊரு கலுங்குல இருந்து பிக்கப் வண்டியைப் பேசி, தம்பிங்க, சித்தப்பன் எல்லாரையும் ஏத்திக்கிட்டு அழுதுக்கிட்டே வந்திருந்தான். கையில என்னைச் சுத்தறதுக்கு மரப்பட்டைத் துணி. என்னைக் கண்டதும் அது நழுவிக் கீழ விழுந்துச்சு. கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதான். அவ்வளவு பெரிய ஆம்பளை. அழுகை அடங்கினதும் ஆளுங்க விஷயத்தைச் சொன்னாங்க. அவன் முகம் மாறிப்போச்சு.

"உனக்கா? மூச்சு வியாதியா? நம்ம பரம்பரையில எவனுக்குடி இருக்கு?"

"அண்ணே, உள்ள வா, சொல்றேன்."

"உள்ள எதுக்கு? ஊருக்கே ரேடியோவுல சொல்லியாச்சு. மாப்பிள்ளை எங்க?"

லுத்தாயா அதுக்குள்ள முகத்தைக் கழுவிக்கிட்டு, பின்வாசல் வழியா உள்ள போய், திண்டாடித் தட்டுத்தடுமாறிக் கூடத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. அண்ணன் அவருக்கு முன்னால போய் நின்னான். நான் அடிக்கத்தான் போறான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"மாப்பிள்ளை, எங்களை மன்னிச்சிருங்க. சத்தியமா எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நோயாளிப் பொண்ணை உங்க தலையில கட்டியிருக்க மாட்டோம். இத்தனை வருஷம் வாயத் திறக்காம வச்சுக் காப்பாத்தியிருக்கீங்க. உங்க பெருந்தன்மைக்கு நாங்க என்ன செய்யப் போறோம்?"

எங்கண்ணன் யாருகிட்டயும் தலை குனியாதவன். குனிஞ்சு நின்னான். நான் அந்த ஆளையே பார்த்துக்கிட்டிருந்தேன். இப்பவாவது சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு. அவரு கையைத் தூக்கி, பரவாயில்லைன்னு ஒரு சைகை காட்டினாரு. வாங்கிக்கிட்டாரு, எங்கண்ணனோட மன்னிப்பை! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. வெளியில கயோண்டோ வேற வந்து பெரிய நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, "வீட்டுல இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துக்கிட்டு எப்படித்தான் சிரிக்கச் சிரிக்கப் பேசறாரோ நம்ம லுத்தாயா"ன்னு நாலு பேருகிட்ட மெச்சிக்கிட்டாரு. பாரம் நான்தான்.

டாக்டரம்மா பையோட ஓடி வந்தாங்க. கூட்டத்தையும் தீயையும் பார்த்ததும் மூஞ்சியில ஈயாடல. என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனாங்க.

"நீங்க சம்மதிச்சீங்கதானேம்மா?"

நான் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன். ஆனா நான் வாயத் திறக்க முடியாதும்மா. நோயாளி சொன்னாத்தான் நான் சொல்லலாம்."

"அப்ப அந்த நெருப்பையாவது அணைக்கச் சொல்லுங்க."

அணைக்கச் சொன்னாங்க. தண்ணி ஊத்தினதுல புகை ரெண்டு மடங்கா எழும்பிச்சு. உள்ள இருமல் ஆரம்பிச்சுது.

அந்த நேரத்துலதான் கியோட்டேரா பக்கம் இருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்துச்சு. பின்னால இருந்து இறங்கினவங்களுக்கு என்னை விட ரொம்பக் கூடுதல் வயசு. தலையில இருந்து கால் வரைக்கும் செம்மண். பேரு நந்துமே. ரேடியோவைக் கேட்ட உடனே, போட்டிருந்த துணியோட கிளம்பி வந்திருக்காங்க.

"நலுக்வாங்கிறது யாரு?"

எல்லாரும் என்னைக் காட்டினாங்க. அந்தம்மா கைக்குட்டையை அவிழ்த்தாங்க. உள்ள பெட்டி. பழுப்பு இன்ஹேலர். பிரிக்கவே இல்ல.

"என் மக தெயோப்பிஸ்தாவுக்கு வாங்கினது மகளே. இது கம்பாலாவுல இருந்து வந்து சேர்றதுக்கு முன்னால அவ போயிட்டா. தூக்கி எறிய மனசு வரல. இன்னைக்கு உன் பேரைக் கேட்டதும், இதுக்குத்தான் வச்சிருந்தேன் போலன்னு தோணிச்சு."

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாங்க. தேதி இன்னும் இருக்கு, மருந்து நல்லாயிருக்குன்னாங்க. கூட்டம் பெருமூச்சு விட்டுச்சு. கயோண்டோ கைதட்டினாரு.

"அந்தம்மா வீட்டுக்குள்ள வச்சு எடுத்துக்கட்டும். நான் குடுத்துக்கிறேன்"னு டாக்டரம்மா என்னைக் காப்பாத்தப் பார்த்தாங்க.

"உள்ள எதுக்கு? இதுல என்ன வெட்கம்?" நந்துமே பெட்டியைப் பிரிச்சு என் கையில வச்சாங்க. "ஒரே ஒரு தடவை என் கண் முன்னால இழுத்துக்கோ. என் மக இழுக்கிறதை நான் பார்க்கல. நீ இழுக்கிறதைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

பக்கத்துல வந்து என் முதுகுல கையை வச்சாங்க. மேல கீழ தடவிக் குடுத்தாங்க. மகளுக்குப் பழகின கை. என் முதுகு கல்லு மாதிரி ஆரோக்கியமா இருந்துச்சு, அது அந்தக் கைக்குத் தெரிஞ்சிருமோன்னு கூசிப்போனேன். ஊருக்குப் பொய் சொல்றது வேற. இந்தக் கைக்கு எப்படிச் சொல்றது? உண்மையைச் சொன்னா அந்த ஆளு பொழப்பு போச்சு. சொல்லாம இழுத்தா இந்தப் பொம்பளை தன் பொண்ணுக்குன்னு வச்ச மருந்தை நான் எச்சில் பண்ணின மாதிரி. வாய் வரைக்கும் கொண்டு போனேன். உதடு திறக்கல.

"என்னம்மா, இது நீ எடுக்கிற மருந்து இல்லையா?"

"அம்மா..."

கூப்பிட்டது நான் இல்ல. வாசப்படியில லுத்தாயா நிக்கிறாரு. ஒரு கையால நிலையைப் பிடிச்சிருக்காரு. மூச்சு விசிலடிக்குது, தெருவுக்கே கேக்குது.

"அது... எனக்கு."

"என்ன மாப்பிள்ளை?"ன்னான் எங்கண்ணன்.

"எனக்குத்தான். அவளுக்கு... ஒண்ணும் இல்ல. நான்தான்... அவ பேரைக்... குடுத்தேன்."

ரெண்டு படி இறங்கினாரு. நந்துமே முன்னால முழங்கால் போட்டாரு. எங்க ஊர்ல பொம்பளைங்கதான் மண்டி போட்டுக் கும்பிடுவோம். ஒரு ஆம்பளை, அதுவும் பேச்சாளி, முன்னப்பின்ன தெரியாத பொம்பளை முன்னால மண்ணுல மண்டி போட்டதை அந்த முத்தத்துல யாரும் பார்த்ததில்ல. நான் இத்தனை நேரமா அதைத்தான் எதிர்பார்த்தேன். வந்தப்புறம் பார்க்க முடியல. என் புருஷன் ஆச்சே. முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு அதுக்கு மேல யாருடைய சொல்லும் தேவைப்படல. பையில இருந்து நீல இன்ஹேலரையும் பாட்டிலையும் எடுத்து அவரு வாயில வச்சாங்க. "இழுங்க. மெதுவா. விடுங்க. மறுபடியும்." ஊரே சுத்தி நின்னு பார்த்துச்சு. பாட்டில் உள்பக்கம் ஆவி படிஞ்சுது. கொஞ்சம் கொஞ்சமா அந்த விசில் தணிஞ்சுது.

நந்துமே என் கையில இருந்த பழுப்பு இன்ஹேலரைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். போயிருந்தா ஒருத்தரும் தப்புச் சொல்ல முடியாது.

"வழியெல்லாம் நலுக்வா, நலுக்வான்னு ஜெபம் பண்ணிக்கிட்டு வந்தேனே. அது யாருக்குய்யா போய்ச் சேர்ந்துச்சு?"

எத்தனை பந்தல்ல எத்தனை பேருக்குப் பதில் குடுத்த வாய், மூச்சுக்கு மட்டும் திறந்து திறந்து மூடிச்சு.

"என் மகளும் இப்படித்தான். ஸ்கூல் டீச்சர். பிள்ளைங்க சிரிக்கும்னு சொல்லுவா. கடையில போய்ப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேணும்னு கேப்பா. ஒருநாள் கடைக்காரன், அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்தாத்தான் குடுப்பேன்னுட்டான். அதுக்கு மேல அவ கேக்கவே போகல." அந்தம்மா அழல. கோவமாத்தான் சொன்னாங்க. "இதையாவது உன் பேரைச் சொல்லி வாங்கு."

"லுத்தாயா."

"முழுசாச் சொல்லு."

"பொனிபாசியோ லுத்தாயா. காலஞ்சென்ற... எரியாசாபு மகன். நுரையீரல்மீன் குலம்."

பெண் கேக்கும்போது பையனோட பேரு, அப்பன் பேரு, மீனு மிருகம்னு பேர் வச்ச எங்க குலம்னு வரிசையாச் சொல்லணும். இவரு மத்தவங்க வம்சத்தை ஏழு தலைமுறைக்கு ஒரே மூச்சுல சொல்லுவாரு. தன்னுடையதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆச்சு. நந்துமே இன்ஹேலரை அவரு உள்ளங்கையில வச்சு விரலை மடக்கினாங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னேன். குடிக்கல. நின்னிருந்த மோட்டார் சைக்கிள்லயே ஏறிப் போயிட்டாங்க.

எங்கண்ணன் மரப்பட்டைத் துணியைத் தூசி தட்டி மடிச்சான். "இவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேனேடி"ன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். "வண்டியில ஏறு"ன்னான். வரலைன்னேன். ஏன்னு கேட்டான். எனக்கே தெரியல, என்னத்தைச் சொல்ல? அவன் போன பிறகு ஒவ்வொருத்தரா விறகையும் வாழைக்காயையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. கயோண்டோ முதல்லயே போயிட்டாரு. போயிட்டு வரேன்னுகூடச் சொல்லல. வேற பேச்சாளி பார்த்துக்கிட்டோம்னு மறுநாள் ஆள் வந்து சொன்னான்.

சனிக்கிழமை கயோண்டோ வீட்டு வண்டிங்க ரிப்பன் கட்டிக்கிட்டு எங்க தெரு வழியாத்தான் போச்சு. வெள்ளை அங்கி போட்ட ஆம்பளைங்க, பளபளன்னு பொம்பளைங்க, கூடை கூடையாச் சீர். எங்க ஆளு ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தாரு. காலையில பாட்டில் வழியாப் பழுப்பு மருந்தை இழுத்து, டாக்டரம்மா சொன்னபடி வாயைக் கொப்பளிச்சிருந்தாரு. எங்கிட்டப் பேசறதுக்கு அவருக்கு முகம் இல்ல. பேச வைக்க எனக்கும் மனசில்ல.

வண்டிச் சத்தம் ஓய்ஞ்சு கொஞ்ச நேரத்துல பின்வாசலைத் தட்டற சத்தம். திறந்தா கயோண்டோவோட சம்சாரம். பையனைப் பெத்தவ சடங்குக்குப் போகக் கூடாதே, அதான் வீட்டுல இருந்திருக்காங்க. எங்க வீட்டுப் படியை இதுவரைக்கும் மிதிச்சதில்ல. வாழைத்தோட்டம் வழியா, தலையில முக்காடு போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க.

"உள்ள வாங்கம்மா."

"வேண்டாம், வேண்டாம். ஒண்ணு கேக்கத்தான்." குரலே எழும்பல. "டாக்டரம்மாகிட்டச் சொல்லி ரேடியோவுல இன்னொரு தடவை போடச் சொல்லேன். எனக்கும் அந்தப் பழுப்புதான். தீர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆனா என் பேரு வேண்டாம். வீட்டுல அவருக்கே தெரியாது. உன் பேரையே போடட்டுமே. ஏற்கனவே ரேடியோவுல வந்த பேருதானே."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் பேரு என்ன பொதுக் கிணறா, ஆளாளுக்கு வாளியைப் போட? வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்ப அந்தம்மா ஒரு மூச்சு இழுத்தாங்க. அதே கிரீச்சு. எங்க வீட்டுல நான் வருஷக்கணக்காக் கேட்டுக்கிட்டிருக்கிற அதே சத்தம். கதவைச் சாத்தப் போன கையை எடுத்துட்டேன்.

"அவ பேரு வேண்டாம்."

பின்னால லுத்தாயா. அந்தம்மா திடுக்கிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கிட்டாங்க. இவரு முகத்தைப் பார்க்கல, தரையைப் பார்த்துத்தான் பேசினாரு.

"என் பேரைப் போடச் சொல்றேன். லுத்தாயாவுக்கு இன்னொண்ணு வேணுமாம்னு. வந்தா இவ கொண்டுவந்து உங்க கையில குடுத்துருவா."

அந்தம்மா தலையாட்டினாங்க. ஆனாலும் போகல. விரலால முக்காட்டு நுனியைத் திருகிக்கிட்டே நின்னாங்க.

"நீங்க... யார்கிட்டயும் சொல்லிர மாட்டீங்களே?"

"யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"ன்னாரு லுத்தாயா. குரல்ல கோவம் கிடையாது. "பேசறதுக்கு என்னைத்தான் யாரும் கூப்பிடறதில்லையே."

வேற பேச்சாளி பார்த்தது தன் வீடுதான்னு அந்தம்மாவுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆச்சு. உறைச்சதும் தலை குனிஞ்சுது. அப்புறம் நிமிரவே இல்ல. வந்த வழியே வாழைத்தோட்டத்துக்குள்ள இறங்கி வீட்டுக்குப் போனாங்க.